எடைத் திரையை ஸ்கிரீன் சேவர் மறைக்கிறது: நிரல் வழியாகத் தடுப்பது எப்படி?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை கொள்முதல் செய்யும் ஒரு தொழிற்சாலைக்காக, எடை காட்டும் மென்பொருள் ஒன்றை சி ஷார்ப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மின்னணுத் தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக வரும் எடையை, இலை கொண்டுவரும் விவசாயிகள் எட்ட நின்றே படிக்கும்படி பெரிய எழுத்தில் காட்டுவதே அதன் வேலை. ஆனால் சாக்கு தராசில் ஏறி, எண் ஆடி அடங்குவதற்குள் ஸ்கிரீன் சேவர் வந்து திரையை மறைத்துவிடுகிறது. எடை போடுபவர் மவுசை அசைத்துத் திரையை மீட்பதற்குள் சாக்கை இறக்கிவிடுகிறார்கள். தன் இலையின் எடையைத் தன் கண்ணால் பார்க்க முடியாத விவசாயிக்கு, சீட்டில் எழுதிய எண்ணின் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான்.

கணினியில் இருப்பது விண்டோஸ் 10. நிரல் தொடங்கும்போது விண்டோஸின் அமைப்புகளை மாற்றும் சிஸ்டம் பாராமீட்டர்ஸ் இன்ஃபோ ஃபங்ஷனை 17 என்ற செயல் எண்ணோடு அழைத்து ஸ்கிரீன் சேவரை அணைக்கிறேன். மூடும்போது மீண்டும் இயக்குகிறேன். கடைசி அளவுருவாக 3 கொடுத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மின்சாரம் சட்டென்று போய்விட்டால், நிரல் முறையாக மூடப்படாததால் ஸ்கிரீன் சேவர் அணைந்தபடியே இருந்துவிடுகிறது. மாலையில் அதே கணினியில்தான் பட்டுவாடாக் கணக்கு எழுதுகிறார்கள் என்பதால், யாரும் இல்லாதபோது அது பூட்டிக்கொள்ள வேண்டும். இதற்காக, திரையை அணைக்க வேண்டாம் என்று விண்டோஸிடம் கோரும் செட் திரெட் எக்ஸிக்யூஷன் ஸ்டேட் ஃபங்ஷனை, தராசிலிருந்து தரவு வரும் டேட்டா ரிசீவ்டு நிகழ்வுக்குள் அழைத்துப் பார்த்தேன். சில வேளை பலிக்கிறது, சில வேளை பலிக்கவில்லை. காரணம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் (ஊட்டி)

தராசிலிருந்து எண்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்போதும், கணினியை யாரும் பயன்படுத்தவில்லை என்றே விண்டோஸ் கருதுகிறது. கோளாறின் வேர் அதுதான். விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றின் உள்ளீடுதான் அதற்குக் கணக்கு. சீரியல் போர்ட்டில் எவ்வளவு தரவு வந்தாலும் ஸ்கிரீன் சேவருக்கான காத்திருப்பு நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைசி உள்ளீடு வந்த நேரத்தைத் தரும் கெட் லாஸ்ட் இன்புட் இன்ஃபோ ஃபங்ஷனை எடை போடும் நேரத்தில் அழைத்துப் பாருங்கள். அது தரும் எண் மாறாமல் நிற்கும்.

இரண்டாவது ஃபங்ஷன் சில வேளை மட்டும் பலிப்பதற்குக் காரணம் அதை அழைக்கும் இடம். டேட்டா ரிசீவ்டு நிகழ்வு உங்கள் முதன்மைத் திரெட்டில் (திரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை வரிசை) நடப்பதில்லை, வேறொரு துணைத் திரெட்டில் நடக்கிறது. நீங்கள் வைக்கும் கோரிக்கையோ அழைத்த திரெட்டைச் சேர்ந்தது. அந்தத் திரெட் முடிந்ததும் கோரிக்கையும் போய்விடும். ஆகவே ஃபார்ம் லோடு ஆகும்போது, முதன்மைத் திரெட்டிலிருந்து ஒரே முறை, கன்டினியூவஸ், டிஸ்ப்ளே ரிக்வயர்டு ஆகிய இரண்டு கொடிகளையும் (என்ன வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்கள்) சேர்த்து அழையுங்கள். பதின்ம எண்ணில் 2147483648, 2 ஆகியவற்றின் கூட்டல், அதாவது 2147483650. இது இன்ட் வகையில் அடங்காது என்பதால் யுஇன்ட் என்று அறிவியுங்கள். 2 மட்டும் கொடுத்தால் காத்திருப்பு நேரம் ஒரு முறை புதிதாகத் தொடங்குவதோடு சரி.

மின்வெட்டுச் சிக்கலும் இதில் இல்லை. இந்தக் கோரிக்கை நிரலோடு பிறந்து நிரலோடு முடிவது. அமைப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. நீங்கள் கொடுத்த 3 தான் மாற்றத்தைப் பயனரின் அமைப்பிலேயே எழுதிவைக்கச் சொல்கிறது.

பதில் (கொடைக்கானல்)

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். டைமர் ஒன்றை வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை சென்ட் இன்புட் மூலம் எஃப்15 விசையை அழுத்தியது போல் அனுப்பினால் போதும்.

பதில் (குன்னூர்)

கொடைக்கானல் நண்பர் சொன்ன வழி பலிக்கும், ஆனால் கணக்கு எழுதும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். போலி விசை, அந்த நேரத்தில் எந்த ஜன்னல் முன்னே இருக்கிறதோ அதற்குத்தான் போகும்.

ஊட்டி நண்பரின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செட் திரெட் எக்ஸிக்யூஷன் ஸ்டேட் ஸ்கிரீன் சேவரைத் தடுக்காது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் பல கணினிகளில் தடுக்கிறது என்றாலும், அதை மட்டுமே நம்ப வேண்டாம். ஸ்கிரீன் சேவர் தொடங்கும் முன் விண்டோஸ், முன்னால் உள்ள ஜன்னலுக்கு சிஸ் கமாண்ட் என்ற செய்தியை அனுப்புகிறது. அதன் எண் 274. ஜன்னலுக்கு வரும் செய்திகளைக் கையாளும், ஃபார்மின் வின்ட்ப்ராக்கை ஓவர்ரைடு செய்து, அச்செய்தியின் டபிள்யூபாராம் மதிப்பை 65520 உடன் ஆண்ட் செய்து, 61760 வந்தால் விடையைப் பூஜ்ஜியமாக்கி, பேஸ் வின்ட்ப்ராக்கை அழைக்காமல் திரும்பிவிடுங்கள். ஆண்ட் செய்யாமல் நேரடியாக ஒப்பிட்டால் சில வேளை பொருந்தாமல் போகும். கடைசி நான்கு பிட்டுகளை விண்டோஸ் தன் உள்வேலைக்குப் பயன்படுத்துகிறது. எடை ஜன்னல் முன்னால் இருக்கும்போது மட்டுமே இது வேலை செய்யும் என்பது உங்களுக்கு நல்லதுதான், கணக்கு எழுதும் நேரத்தில் இது தலையிடாது.

கேட்டவர் (கோத்தகிரி)

இருவருக்கும் மிக்க நன்றி. 17 ஐ அழைக்கும் வரியை நீக்கிவிட்டு, நீங்கள் சொன்ன இரண்டையும் சேர்த்தேன். நிர்வாகி உரிமையுடன் இத்தகைய கோரிக்கை வைத்திருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் பவர்சிஎஃப்ஜி ரிக்வெஸ்ட்ஸ் கட்டளையைக் கொடுத்தபோது டிஸ்ப்ளே என்பதன் கீழ் என் நிரலின் பெயர் தெரிந்தது. கொள்முதல் முடியும்வரை எடைத் திரை மறையவில்லை. ஆனால் இதே நிரலை மற்றொரு கிளையில் நிறுவியபோது ஸ்கிரீன் சேவர் முன்போலவே வந்து, கடவுச்சொல்லும் கேட்கிறது.

பதில் (குன்னூர்)

அந்தக் கணினியில் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்ற வரிசையில் போய்ப் பாருங்கள். அங்கே ஸ்கிரீன் சேவர் இஸ் செக்யூர் என்பதன் மதிப்பு 1 என்று இருந்தால், கடவுச்சொல் பூட்டை நிர்வாகி கொள்கையாகவே விதித்திருக்கிறார் என்று பொருள். விஸ்டா முதல், இப்படி விதித்த கணினியில் நிரல் சிஸ் கமாண்ட் செய்தியை விழுங்கினாலும் ஸ்கிரீன் சேவர் வந்தே தீரும். நிரலால் அதை மீற முயலாதீர்கள். இந்த அமைப்புகள் பயனர்வாரியானவை என்பதால், எடை மேடைக்கென்று தனி விண்டோஸ் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் அந்தக் கொள்கையிலிருந்து விலக்கு அளிக்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். பட்டுவாடாக் கணக்கு, பூட்டு உள்ள பழைய பயனர் கணக்கிலேயே இருக்கட்டும்.

பதில் (ஊட்டி)

அன்றைய கொள்முதல் முடிந்ததும் எடைத் திரையை மூடாமல் விட்டுவிடுவார்கள் என்றால், தராசில் கால் மணி நேரம் அசைவில்லாதபோது கன்டினியூவஸ் கொடியை மட்டும் கொடுத்து அதே முதன்மைத் திரெட்டிலிருந்து மீண்டும் அழையுங்கள், கோரிக்கை விலகிவிடும். குன்னூர் நண்பர் சொன்ன தடுப்பையும் அப்போது ஒரு பூலியன் மாறியால் நிறுத்திவையுங்கள், இல்லையெனில் இரவு முழுவதும் கணினி பூட்டாமலே கிடக்கும்.