நாக்கு எரிச்சல்: அம்மாவின் சுபாவம்தான் காரணமா?

கேள்வி: மேற்கு மாம்பலம் மகள்

அம்மாவுக்கு 57 வயதாகிறது. மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழித்து, சென்ற ஆடி மாதத்தில், கொதிக்கும் காபியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டது போன்ற எரிச்சல் நுனியிலும் ஓரங்களிலும் தொடங்கியது. காலையில் எழும்போது அவ்வளவாக இருப்பதில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குள் தாங்க முடியாததாகிவிடுகிறது. கல்கண்டை வாயில் அடக்கிக்கொண்டால் சற்றுத் தணிகிறது. சர்க்கரை, தைராய்டு, இரும்புச் சத்து, பி12 எல்லாம் சரியாக உள்ளன. நாக்கில் புண்ணோ வெள்ளைப் படலமோ இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “கவலைப்படும் சுபாவக்காரர்களுக்குத்தான் இது வரும், இவருக்கு நோய் எதுவும் இல்லை” என்று என்னிடம் சொன்னார். கதவு திறந்திருந்ததால் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எரிகிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். ஆனால் குளியலறையில் கைபேசி வெளிச்சத்தில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் கவலைப்படுபவர் என்பது உண்மைதான். பால் வாங்கப் போன அப்பா பத்து நிமிடம் தாமதித்தாலும் வாசலில் வந்து நிற்பார். சுபாவத்தால் ஒருவருக்கு நாக்கு எரியுமா?

பதில்: வாய்நோய் மருத்துவர்

நோய் இல்லை என்று சொன்னது தவறு. 2020இல் வெளியான வாய், முக வலிகளுக்கான பன்னாட்டு வகைப்பாட்டில் ‘எரியும் வாய் நோய்க்குறி’ (burning mouth syndrome) என்ற பெயரில் இதற்குத் தனி இடமுண்டு: வாயில் காரணமான புண் எதுவும் தென்படாமல், நாள்தோறும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் எரிச்சல். இத்தகையோரின் நாக்கிலிருந்து எடுத்த சிறு திசுத்துண்டுகளில் நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அதற்குப் பின்னும் பெண்களுக்கே இது அதிகம்.

இவர்களிடம் பதற்றம், மனச்சோர்வு, புற்றுநோய் பற்றிய அச்சம் ஆகியவை மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுவதும் உண்மையே. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வலி வந்த பிறகு அவர்களைச் சந்தித்தவை. மாதக்கணக்கில் வாய் எரிந்தால் யாருக்குத்தான் பதற்றம் வராது? எது முன், எது பின் என்பதை அவற்றை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது.

இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகளும் எரிச்சல் தரும் என்பதால் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். பாக்குப் பழக்கம் இருந்து வாய் திறப்பது குறைந்திருந்தால் அது வேறு நோய். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பதில்: பெரம்பூர் ஆசிரியை

எனக்கு இது வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எரிச்சலைவிட, புற்றுநோயாக இருக்குமோ என்று இரவில் விழித்துக் கிடந்ததுதான் என்னை உருக்கியது. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் குளோனசெபாம் மாத்திரையை விழுங்காமல் மூன்று நிமிடம் சப்பி, எச்சிலைத் துப்பச் சொன்னார்கள், ஓரளவு குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம். மனநல ஆலோசனைக்குப் போகச் சொன்னபோது, என்னைப் பொய்க்காரி என்கிறார்களே என்று அழுதேன். போன பிறகுதான் தூக்கம் திரும்பியது. எரிச்சல் இன்னும் இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் அதன் பின்னால் ஓடுவதில்லை.

பதில்: உளவியல் ஆலோசகர்

எளிதில் கலங்கும் சுபாவம் குற்றமன்று. அத்தகையவர்களின் கவனம் உடலில் எழும் சிறு மாற்றத்தையும் விரைவில் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை ஆபத்து என்று படிக்கிறது. அச்சம் தூக்கத்தைக் கெடுக்க, தூக்கமின்மை மறுநாள் வலியைக் கூட்டுகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தச் சுழற்சியைத்தான் இடையில் அறுக்கிறது. உங்கள் அம்மா கண்ணாடியில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நிம்மதி சிறிது நேரமே நிற்கிறது, சந்தேகம் மீண்டும் வந்துவிடுகிறது. பார்க்காதே என்று தடுக்காதீர்கள். நாளுக்கு ஒரு முறை, அதுவும் காலையில் என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி படிப்படியாகக் குறையுங்கள். அவர் வாய்மூடிப் போனதுதான் எனக்குக் கவலை தருகிறது. இன்று எப்படி இருந்தது என்று மாலையில் ஒரு முறை கேளுங்கள், பதிலை மறுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டும்: மேற்கு மாம்பலம் மகள்

அனைவருக்கும் நன்றி. நரம்பிழை பற்றிய பகுதியை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். திங்கட்கிழமை மாம்பலத்தில் ரயிலேறி, கோட்டை நிலையத்துக்கு எதிரிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம். பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் மருந்துச் சீட்டையும் அம்மாவே தேதி வாரியாக அடுக்கி மஞ்சள் பையில் வைத்துவிட்டார்.