விளையாட்டுச் சக்கர நாற்காலிக்குப் பேரிங் தேவை

2021-இல் பாம்பனில் படகிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பி, முன்பு கபடி வீரன், இன்று 1.5 புள்ளி வகுப்பில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுகிறான். இந்த ஆட்டத்தில் உடலியக்கத் திறனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் புள்ளி உண்டு; திறன் குறைந்தால் புள்ளியும் குறைவு. களத்திலிருக்கும் ஐவரின் புள்ளிகளும் சேர்ந்து 14-ஐத் தாண்டக் கூடாது என்பதால், அவனைப் போன்ற குறைந்த புள்ளிக்காரர் அணிக்கு மிகவும் தேவை. அடுத்த மாதம் மாநில அணித் தேர்வு.

பழையதாக வாங்கிய அவனது அலுமினிய நாற்காலியில், மூன்று வாரமாக, இடப்புறம் திரும்பும்போதெல்லாம் வலச்சக்கரம் கரகரத்து இறுகுகிறது. கழற்றினால் பேரிங்கிலிருந்து செம்பொடியாகத் துரு கொட்டுகிறது, எல்லாம் உப்புக்காற்றின் வேலை. மண்ணெண்ணெயில் கழுவிக் கிரீஸ் வைத்தோம். இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது. அச்சு அரை அங்குலம். இராமநாதபுரத்தில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் மில்லிமீட்டர் அளவுகளே இருக்கின்றன.

துருப்பிடிக்காத எஃகில், இருபுறமும் ரப்பர் மூடியிட்ட ஆர்8 (அரை அங்குலத் துளையுள்ள) பேரிங் தமிழ்நாட்டில் எந்தக் கடையில் கிடைக்கும்?