எட்டுப் பசுக்களை நம்பித் தொடங்கிய இலவசப் பள்ளி

கடலோரப் பயணி:
வேலை விஷயமாக வர்ஜீனியாவில் உள்ள ஹாம்ப்டனுக்கு வந்திருக்கிறேன். இங்கே சாலையோரத்தில் சிம்ஸ்-ஈட்டன் இலவசப் பள்ளி பற்றி ஒரு வரலாற்றுப் பலகை இருக்கிறது. பெஞ்சமின் சிம்ஸ் என்பவர் பள்ளிக்காக 200 ஏக்கர் நிலமும் எட்டுப் பசுக்களும் உயில் எழுதி வைத்தாராம். நிலம் சரி, பசு எதற்கு? அப்புறம் உயிலின் ஆண்டை ஒரு இடத்தில் 1634 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1635 என்கிறார்கள். அமெரிக்காவிலேயே பழைய பள்ளி பாஸ்டன் பள்ளிதானே?

ஏட்டுச்சுவடி:
இரண்டு ஆண்டும் சரிதான். உயில் எழுதியது பிப்ரவரி 12. அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும், அதனால் அவர்கள் கணக்கில் 1634, நம் கணக்கில் 1635. பாஸ்டன் லத்தீன் பள்ளி அதே 1635 ஏப்ரலில் வந்தது, இன்றும் நடக்கிறது. உயிலை வைத்துப் பார்த்தால் சிம்ஸ் முந்தி, ஆனால் உயில் எழுதிய அன்றே வகுப்பு தொடங்கிவிடவில்லையே.

பசுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாலும் கன்றுகளும்தான் பள்ளிக்கு வருமானம். முதல் ஈற்றுக் கன்றுகளை விற்றுப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், மிஞ்சினால் ஏழைப் பிள்ளைகளுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். 1649இல் வெளிவந்த ஒரு சிறு நூல் அந்தப் பள்ளிக்கு 40 கறவை மாடுகள் இருந்ததாகச் சொல்கிறது. மாடு என்றால் செல்வம் என்று பழந்தமிழில் ஒரு பொருள் உண்டு, இங்கே அது அப்படியே பொருந்துகிறது.

கரிசல்காட்டான்:
ஈட்டனையும் சேர்த்துப் பேச வேண்டும். தாமஸ் ஈட்டன் 1659இல் இன்னொரு இலவசப் பள்ளிக்காக 500 ஏக்கரும் கால்நடைகளும் கொடுத்தார், அதே பத்திரத்தில் இரண்டு கறுப்பின அடிமைகளையும் பள்ளிக்கு எழுதி வைத்தார். மாட்டோடு மாடாக மனிதரையும் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. இலவசம் என்றால் யாருக்கு? அந்த இருவரின் பிள்ளைகளுக்கு இல்லை. 1831இல் வர்ஜீனியா, கறுப்பின மக்களைக் கூட்டி எழுதப் படிக்கச் சொல்லித்தருவதையே சட்டப்படி தடுத்தது. 1805இல் இரண்டு பள்ளிகளும் ஒன்றாகி ஹாம்ப்டன் அகாடமி ஆனதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாலுமி மகள்:
இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. சிம்ஸுக்கு முன்பே, 1621இல், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ராயல் ஜேம்ஸின் பாதிரியார் பேட்ரிக் கோப்லாண்ட், கீழை நாடுகளிலிருந்து திரும்பும் வழியில் கப்பலில் இருந்தவர்களிடம் சுமார் 70 பவுண்டு திரட்டினார், வர்ஜீனியாவில் ஒரு பள்ளி கட்டுவதற்காக. அதற்குக் கிழக்கிந்தியப் பள்ளி என்றே பெயர் வைத்தார்கள். 1622 மார்ச்சில் அங்கிருந்த பூர்வகுடிகள் குடியேறிகளைத் தாக்கியதோடு அந்தத் திட்டம் நின்றுபோனது.

கடலோரப் பயணி:
நன்றி. நாளை மறுபடி போய்ப் பலகையை நிதானமாகப் படிக்கிறேன்.

கரிசல்காட்டான்:
அப்படியே ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் விடுதலை ஓக் மரத்தையும் பாருங்கள். 1861இல் மேரி பீக் என்ற கறுப்பினப் பெண், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அதன் நிழலில்தான் பாடம் நடத்தினார்.