ஸ்ட்ராபெர்ரி பச்சைக் காய்ல ஒண்ணும் இல்ல, பழுத்தா மட்டும் அழுகுது, சாலிசிலிக் அடிச்சும் நிக்கல, உதவி பண்ணுங்க

மலைக்காட்டுக்காரன்:
வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் 10 சென்ட்ல பாலிஹவுஸ் போட்டு வின்டர் டான் ரகம் வச்சிருக்கேன். பூ நல்லா இருக்கு, காய் பச்சையா இருக்கற வரைக்கும் ஒரு புள்ளி கூட இல்ல, ஆனா சிவக்க ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்ல காம்புப் பக்கம் பழுப்பா மெத்துனு ஆகி அடுத்த நாளே சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி மூடிருது, தொட்டா புகையாப் பறக்குது. செடிக்கே எதிர்ப்பு வந்துரும்னு ஒருத்தர் சொன்னாருன்னு சாலிசிலிக் அமிலம் ரெண்டு தடவை அடிச்சேன். இலைல இருந்த வெள்ளைப் பவுடர் கொறைஞ்சிருச்சு, பழம் அழுகறது நிக்கல. நேத்து பறிச்ச 11 கிலோல 4 கிலோ குழில கொட்டினேன், மனசே கேக்கல. ஒரே செடிதானே, காய்க்கு இருக்கற எதிர்ப்பு பழத்துக்கு ஏன் இல்ல?

துளிர்:
அண்ணா, ரெண்டும் வேற வேற பூஞ்சை. நம்ம ஆளுங்க ரெண்டையும் சாம்பல் நோய்னே சொல்லிடறாங்க, அதுலதான் குழப்பம். இலைல இருந்தது பவுடரி மில்டியூ, பழத்துல இருக்கறது போட்ரைட்டிஸ்.

செல்சுவர்:
துளிர் சொன்னது சரி. நான் தாவர நோயியல் படிக்கறேன், மூணு வருஷமா போட்ரைட்டிஸ் கூடத்தான் பொழப்பு, கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கங்க.

உங்க பழத்துக்கு நோய் பெரும்பாலும் பூவா இருந்தப்பவே வந்திருக்கும். பூஞ்சையோட வித்து பூவுல விழுந்து உள்ள போயி பச்சைக் காய்க்குள்ள சத்தமில்லாம படுத்துக்கும், காய் அத வளர விடாது. ஒரு பச்சைக் காயக் கடிச்சுப் பாருங்க, நாக்க இழுத்துப் பிடிக்கும்ல, அந்தத் துவர்ப்பு புரோஆந்தோசயனிடின்ங்கற டானின், பூஞ்சையோட என்சைம்களக் கட்டிப் போடறது அதுதான். இது போக செல் சுவர்ல பிஜிஐபின்னு ஒரு புரதம். பூஞ்சை செல் சுவர ஒட்டி வச்சிருக்கற பெக்டினக் கரைக்க பாலிகேலக்டுரோனேஸ்ங்கற என்சைம விடும், பிஜிஐபி அதப் புடிச்சு வேகத்தக் கொறைக்கும், அப்ப பெக்டின் முழுசா கரையாம துண்டு துண்டா நிக்கும் பாருங்க, அந்தத் துண்டுகளே செடிக்கு அபாயச் சங்கு. பூஞ்சை சுவர்ல இருந்து உடையற கைட்டின் துண்டையும் செல்லோட ரிசப்டர் கண்டுபிடிச்சிரும், ஒடனே ஹைட்ரஜன் பெராக்சைடு, பூஞ்சை சுவர உடைக்கற கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்சைம் எல்லாம் கெளம்பும்.

பழுக்கறப்ப டானின் கொறையுது, சர்க்கரை ஏறுது, மெத்துனு ஆகறதுக்காக பழம் தன்னோட பெக்டினத் தானே உடைக்குது. பூஞ்சை செய்ய வேண்டிய வேலைல பாதிய பழமே செஞ்சு குடுத்துருது, படுத்திருந்தது எந்திரிச்சிரும்.

அடுத்தது சாலிசிலிக். மில்டியூவுக்கு உயிரோட இருக்கற செல் வேணும், சாலிசிலிக் வழி தூண்டுனா செடி அந்த செல்லையே சாகடிச்சு அதப் பட்டினி போடும். போட்ரைட்டிஸ் செத்த செல்லத் தின்னு வளர்றது, அதுக்கு அது விருந்து. போட்ரைட்டிஸுக்கு எதிரா ஜாஸ்மோனிக், எத்திலீன்னு செடியோட வேற ஹார்மோன் வழிதான் பெருசா வேலை செய்யுது. அது போக போட்ரைட்டிஸ் குட்டி ஆர்என்ஏ-வ செடி செல்லுக்குள்ள அனுப்பி எதிர்ப்பு ஜீன்களையே அமுக்கும், 2013-ல தக்காளிலயும், ஆய்வுக்கு வளர்க்கற அராபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடிலயும் கண்டுபிடிச்சாங்க.

வேர்ப்பக்கம்:
தம்பி நல்லா சொன்னீங்க, ஒரே ஒரு திருத்தம். சாலிசிலிக் வழி, ஜாஸ்மோனிக் வழி ரெண்டும் ஸ்ட்ராபெர்ரில அவ்ளோ சுத்தமா பிரியாது, சாலிசிலிக்ல அழுகல் கொறைஞ்ச ஆய்வுகளும் இருக்கு. ஆனா தோட்டத்துல அத மட்டும் நம்பக்கூடாதுங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்ல.

மலைக்காட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க. அப்ப எதிர்ப்பு ரகம் மாத்தினா தீருமா?

செல்சுவர்:
இதுக்கு முழு எதிர்ப்பு உள்ள ரகம் இல்லண்ணா. ஆந்த்ராக்னோஸ்ங்கற இன்னொரு பூஞ்சை நோய்க்கு ஆர்சிஏ2, வேர் சிவப்பழுகலுக்கு ஆர்பிஎஃப்1னு ஒத்தை ஜீன் இருக்கு, போட்ரைட்டிஸுக்கு அப்படி ஒண்ணு கெடைக்கல. ஸ்ட்ராபெர்ரி செடில குரோமோசோம் 8 செட், மொத்தம் 56, தேடறதே பெரும்பாடு. நீங்க பூவுல புடிங்க. காஞ்ச இதழ், பழைய இலை, அழுகின பழம் எல்லாத்தையும் வெளிய கொண்டு போயிருங்க, காலைல பக்கத்துத் திரைய தூக்கி ஈரம் காய விடுங்க, தழைச்சத்து கொறைங்க, மருந்து அடிக்கறதா இருந்தா பூக்கற நேரத்துல அடிங்க.

மலைக்காட்டுக்காரன்:
9 நாள் கழிச்சு வந்து சொல்றேன். அழுக ஆரம்பிச்ச பழத்துல காம்பு இலையத் தூக்கிப் பாத்தேன், 20 பழத்துல 13-ல காஞ்ச இதழ் ஈரமா ஒட்டிட்டு இருந்துச்சு, சரியா அதுக்கு அடியிலதான் பழுப்பு. வீட்டுக்காரம்மாவும் நானும் தெனமும் காலைல இதழ உதிர்த்து விட்டுட்டு இருக்கோம். இன்னைக்கு 9 கிலோல ஒண்ணரைக் கிலோதான் கழிவு.