துறைத்தலைவர் பதவியைச் சுழற்சி முறையிலிருந்து எடுத்துவிடுவது சரியா?

கேள்வி: இணைப்பேராசிரியர், மாநிலப் பல்கலைக்கழகம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் 23 துறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்பதில் நிரந்தர ஆசிரியர்கள் மூவருக்கும் குறைவு. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாததே காரணம். இத்துறைகளை 6 புலங்களாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் முழுநேரப் புலத்தலைவர் ஒருவரைத் துணைவேந்தரே தெரிவு செய்து ஐந்தாண்டுக்கு நியமிப்பது என்றும், பணிமூப்பின்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை கைமாறும் துறைத்தலைவர் பதவியை வெறும் ‘ஒருங்கிணைப்பாளர்’ ஆக்குவது என்றும் ஒரு வரைவு வந்திருக்கிறது. அதற்குக் கருத்துரைக்க அமைக்கப்பட்ட குழுவில் நானும் ஓர் உறுப்பினர்.

சுழற்சி முறையின் குறைகளை நான் மறைக்க விரும்பவில்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் முறை வந்த ஒருவர் நாற்காலியில் அமர்ந்ததோடு சரி. அவர் காலத்தில் பாடத்திட்டக் குழு ஒருமுறைகூடக் கூடவில்லை. ஆனால் இன்று கையொப்பமிடுகிறவர் நாளை இன்னொருவரின் கையொப்பத்துக்காக நிற்க வேண்டியவர் என்ற நினைப்பு, எங்கள் துறையில் பல அத்துமீறல்களைத் தடுத்திருக்கிறது என்பதும் உண்மை. இத்தகைய மாற்றத்தைப் பிற இடங்களில் கண்டவர்கள், நடைமுறையில் என்ன ஆயிற்று என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பேராசிரியர், மத்தியப் பல்கலைக்கழகம்

முதலில் உங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தையும் அதன் விதிகளையும் எடுத்துப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் வரும் திருவாரூர் போன்ற இடங்களில், புலத்தலைவர் பதவி அப்புலத்தின் பேராசிரியர்களிடையே பணிமூப்பு வரிசையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை சுழல வேண்டும் என்பது சட்டத்தோடு இணைந்த விதியிலேயே உள்ளது. துறைத்தலைவரை நியமிப்பது, துணைவேந்தரின் பரிந்துரையின் பேரில், பல்கலைக்கழகத்தின் உயர் நிர்வாக அமைப்பான செயற்குழு. ஆக, பரிந்துரைப்பவர் ஒருவர், நியமிப்பது வேறோர் அமைப்பு என்ற பிரிவு அங்கே இருக்கிறது.

இந்தப் பிரிவு வெறும் சடங்கன்று. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், துறைகளுக்கு இணையான மையங்களின் தலைவர்களைத் துணைவேந்தரே நியமித்தபோது, அவ்வதிகாரம் செயற்குழுவுக்கே உரியது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறி, அவ்வாறு நியமிக்கப்பட்டவர்கள் முக்கிய முடிவுகளை எடுப்பதற்குத் தடை விதித்தது. உங்கள் சட்டத்தில் ‘துறைத்தலைவர்’ என்ற சொல் எங்கெங்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாடத்திட்டக் குழுவிலும் கல்விக்குழுவிலும் துறைத்தலைவர்கள் பதவிவழி உறுப்பினர்களாக இருப்பார்கள் என்றால், ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று பெயரை மாற்றிய மறுநாள் அந்த இருக்கைகள் யாருக்கு? இதற்கு வரைவில் பதில் இல்லையெனில், அதை எழுதியவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

மறுமொழி 2: எட்மன்டன், கனடா

நான் வாழும் ஊரில் உள்ள ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகம் ஏறத்தாழ இதே வழியில் சென்றது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். மாகாண அரசு மானியத்தைப் பெருமளவு குறைத்ததைத் தொடர்ந்து, 2020இல் 18 புலங்களைத் தொகுத்துக் கல்லூரிகளாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஒவ்வொரு கல்லூரிக்கும் மேலே ஒரு நிர்வாகப் புலத்தலைவர் வேண்டும் என்பது நிர்வாகத்தின் கருத்து. அப்படியானால் அவருக்குக் கீழே இருக்கும் புலத்தலைவர்கள் என்ன ஆவார்கள் என்பதே ஆசிரியர்களின் கவலையாக இருந்தது.

ஆசிரியரும் மாணவரும் அடங்கிய பொதுப் புலப் பேரவை 2020 டிசம்பர் 7 அன்று கூடி, கல்லூரி என்ற அமைப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதன் தலைமை ஒரு தனிநபரிடம் இன்றி, புலத்தலைவர்கள் கூடிய ஒரு குழுவிடம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, பல்கலைக்கழகத்தின் நிதியையும் நிர்வாகத்தையும் கவனிக்கும் ஆளுநர் குழு அதைத் திருத்தி, ஏற்கெனவே பதவியில் இருக்கும் புலத்தலைவர்களுள் ஒருவரே கல்லூரித் தலைவராகவும் இருப்பார் என்று முடிவு செய்தது. 2021 ஜூலை 1 முதல் உடல்நல அறிவியல், இயற்கை மற்றும் பயன்பாட்டு அறிவியல், சமூக அறிவியல் மற்றும் மானுடக் கலைகள் என்று மூன்று கல்லூரிகள் நடைமுறைக்கு வந்தன. பிரெஞ்சு மொழிப் புலமான காம்பஸ் சேன் ஜான், கேம்ரோஸ் ஊரில் உள்ள அகஸ்டானா, பூர்வகுடி ஆய்வுப் புலம் ஆகிய மூன்றும் தனித்தே விடப்பட்டன. தொகுப்பதற்கு ஒவ்வாதவற்றை வலிந்து தொகுக்கவில்லை என்பதை நான் நல்ல அம்சமாகவே கருதுகிறேன்.

உங்கள் குழு கவனிக்க வேண்டியது அந்த நான்கு நாள்களைத்தான். கல்விசார் அவை ஒரு தலைமை வடிவத்தைச் சொல்ல, நிதிப்பொறுப்புள்ள அவை வேறொன்றை முடிவு செய்தது. சட்டப்படி இறுதிச் சொல் பின்னதற்கே இருந்தது. உங்கள் கருத்துரை எந்த அவைக்குப் போகிறது, அங்கே அதைத் திருத்தினால் மீண்டும் உங்களிடம் வருமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: யாழ்ப்பாணம்

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, பீடாதிபதியை, அதாவது உங்கள் புலத்தலைவரை, பீடச் சபையே வாக்களித்துத் தெரிவு செய்கிறது. துறைத் தலைவரைத் துணைவேந்தரின் சிபாரிசின் பேரில் பல்கலைக்கழகத்தின் ஆளும் அமைப்பான பேரவை நியமிக்கிறது. இரண்டுக்கும் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். தேர்தல் என்பதால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். வாக்குக்காகச் சலுகை காட்டுவதும், தோற்றவர் பக்கம் நின்றவர்களை ஓரங்கட்டுவதும் எங்களுக்குப் புதிதல்ல. இருந்தாலும் உங்கள் வரைவில் உள்ள ஐந்தாண்டு என்பது எனக்கு நீளமாகவே படுகிறது. அவ்வளவு காலம் வகுப்பறையை விட்டு விலகியவர் திரும்பிப் பாடம் எடுக்க வருவாரா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற புலத்தலைவர்

நண்பரே, சட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். துறைத்தலைவர் என்பவர் உண்மையில் செய்யும் வேலை எது? விடுப்பு விண்ணப்பத்தில் பரிந்துரை, ஆய்வகப் பொருள் கொள்முதலுக்கு ஒப்புதல், கௌரவ விரிவுரையாளர் நியமனத்துக்கான பட்டியல், முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகைப் படிவம், வாய்மொழித் தேர்வுக்கான நாள் குறித்தல், பாட வேளைகளைப் பிரித்தல். இவற்றுள் எவை புலத்தலைவருக்குப் போகின்றன, எவை ஒருங்கிணைப்பாளரிடம் நிற்கின்றன என்ற அட்டவணை வரைவுடன் இணைக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் உதவித்தொகைப் படிவம் ஒன்று இரண்டு மேசை தாண்டிப் பதிவாளர் அலுவலகம் சேர்வதற்குள் மாணவருக்கு இரண்டு மாத விடுதிக் கட்டணம் பாக்கியாகிவிடும்.

நான் பொறுப்பேற்ற இடத்திலும் முன்பு ஒருமுறை இப்படித் தொகுத்தார்கள். புலத்தலைவருக்கு அறை கொடுத்தார்கள், பெயர்ப்பலகை மாட்டினார்கள். எழுத்தர் ஒருவரையும் நிதி ஒதுக்கீட்டையும் மட்டும் கொடுக்கவில்லை. துறைத்தலைவர்களோ அதிகாரத்தை இழந்த கோபத்தில் ஒத்துழைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் நான் அனுப்பிய சுற்றறிக்கைகளைக் கட்டினால் ஒரு தலையணை ஆகும்.

ஆனாலும் சுழற்சியைப் புனிதமாக்க வேண்டாம் என்பேன். இரண்டே பேர் உள்ள துறையில் சுழற்சி என்பது ஊஞ்சல். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றால் துறையே இல்லை. அத்தகைய சிறு துறைகளைத் தொகுப்பதில் நியாயம் இருக்கிறது. பத்துப் பேர் இருக்கும் துறையை அதே கயிற்றில் ஏன் கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. வரைவை மீண்டும் படித்துப் பார்த்தேன். ஐயா கேட்ட அட்டவணை அதில் இல்லை. கல்விக்குழுவின் பதவிவழி இருக்கைகளைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் மூன்றை முன்வைக்கலாம் என்றிருக்கிறேன்: மூன்று ஆசிரியருக்கும் குறைவான ஒன்பது துறைகளை மட்டும் முதலில் தொகுத்து இரண்டாண்டு பார்ப்பது, புலத்தலைவர் நியமனத்தைத் துணைவேந்தரின் பரிந்துரையில் ஆட்சிக்குழு செய்வது, அதுவும் மூன்றாண்டுக்கு, புலத்தலைவரும் வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது பாடம் நடத்துவது.

கடைசி நிபந்தனைக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று குழுவில் உள்ள ஒருவர் இப்போதே சிரித்துக்கொண்டே சொல்கிறார். மத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் ஒரு கேள்வி: பேராசிரியரே இல்லாத புலத்தில் உங்கள் விதி என்ன சொல்கிறது?

மறுமொழி: பேராசிரியர், மத்தியப் பல்கலைக்கழகம்

பேராசிரியர் இல்லாவிட்டால் இணைப்பேராசிரியர்களிடையே பணிமூப்பு வரிசையில் புலத்தலைவர் பதவி செல்லும். உங்கள் ஒன்பது துறைகளின் நிலையைப் பார்த்தால், அந்த வாசகத்தை நீங்களும் சேர்த்துக்கொள்வது நல்லது.