அம்ப்புக்கு எஸ்எம்பிஎஸ் போட்டா நுளம்பு மாதிரி இரையிது

கல்லடி_பெடியன்:
வணக்கம். வீட்டுல பாட்டுக் கேக்க டிபிஏ3116 அம்ப் போர்ட் ஒண்டுக்கு, எல்ஈடி பட்டிக்கு போடுற 24 வோல்ட் 5 அம்பியர் எஸ்எம்பிஎஸ் (பெரிய ட்ரான்ஸ்போமர் இல்லாத ஸ்விட்சிங் பவர் சப்ளை) குடுத்திரிக்கன், 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டு. பாட்டு நல்லா இரிக்கி, பழைய செட்டுல ட்ரான்ஸ்போமரால வந்த உம் எண்ட இரைச்சலும் இல்ல, ஆனா கைபோன சார்ஜ்ல போட்டுக்கிட்டு, பாட்டு எடுக்கிற ஒக்ஸ் வயர அதுல குத்தினா மட்டும் கீ எண்டு நுளம்பு மாதிரி இரையிது, வொல்யூம கூட்டக் கூட்ட அதுவும் கூடுது. மறுகா வெறுங்காலோட நிண்டு பெட்டிய புறங்கையால தடவினா சுர்ரெண்டு இரிக்கி. ரெண்டு பின் வயர்தான் போட்டன். ட்ரான்ஸ்போமருக்கே மாறுவமா?

செங்கலடி_சவுண்ட்ஸ்:
தம்பி, கழட்டாத. முதல்ல அந்த சுர், அத லேசா எடுக்காத. எஸ்எம்பிஎஸ்ல மெயின் கறண்ட் குடுக்கிற எல், என் ஸ்க்ரூ ரெண்டுக்கும் பக்கத்துல எர்த் ஸ்க்ரூ ஒண்டு சும்மா கிடக்கும், பாரு. உள்ளுக்குள்ள பில்டர் கப்பாசிட்டர் ரெண்டும் தகரத்துல வந்து சேருது, எர்த் இல்லாட்டி பெட்டி 230ல அரைவாசி, கிட்டத்தட்ட 115 வோல்ட்ல மிதக்கும், கறண்ட் கொஞ்சமா வாறதாலதான் தூக்கி அடிக்கல்ல. மூணு பின் பிளக் போட்டு எர்த்த குடு. கைவைக்க முதல் பிளக்க கழட்டிப்போட்டு கொஞ்ச நேரம் பொறு, உள்ள பெரிய கப்பாசிட்டர்ல 325 வோல்ட் நிக்கும்.

நுளம்புச் சத்தம் வேற கதை. சார்ஜரும் எஸ்எம்பிஎஸ்தானே, அதால கசியிற கறண்ட் ஒக்ஸ் வயர்ட கிரவுண்டுக்குள்ளால அம்ப்புக்கு ஓடுது. சார்ஜர கழட்டினா நிக்குமே? அப்ப நடுவுல, பாட்ட மட்டும் விட்டு கிரவுண்ட பிரிக்கிற 1:1 ஓடியோ ஐசொலேட்டர் ஒண்டு போடு. உன்ட ஸ்பீக்கருக்கு போர்ட்டால வாறது பக்கத்துக்கு 30 வாட் அளவு, சப்ளை 120 வாட், தாராளமா காணும்.

அக்கரைப்பற்று_காக்கா:
வீட்டுக்கு சரி தம்பி, வெளி வேலைக்கு நான் ட்ரான்ஸ்போமர்தான் சொல்லுவன். ஒரு கோயில் சடங்குக்கு டிடிஏ7294 அம்ப் செட்டுக்கு ரெண்டு எஸ்எம்பிஎஸ்ஸ சீரிஸ்ல போட்டு பிளஸ் மைனஸ் எடுத்துக் குடுத்தன், உடுக்கு ஓங்கி அடிக்கிற நேரமெல்லாம் சப்ளை கட் ஆகி கட் ஆகி வந்திச்சு, எனக்கு பெரிய வெக்கமாப் போச்சு. பெரிய கப்பாசிட்டர் போட்டுப் பாத்தன், ஒன் பண்ணவே ஏலாமப் போச்சு. இப்ப 24-0-24 ட்ரான்ஸ்போமர், டிசியா மாத்தினா பிளஸ் மைனஸ் 33 வோல்ட் கிட்ட வருது, விடியவிடிய நிக்குது.

செங்கலடி_சவுண்ட்ஸ்:
ஓம் காக்கா, அது கறண்ட் கூடினா சப்ளைய நிப்பாட்டுற ஓவர்கறண்ட் புரொடெக்‌ஷன். எல்ஈடிக்கு செஞ்ச சப்ளைக்கு ஒரே அளவு கறண்ட்தான் பழக்கம், உடுக்குக்கு ஒரு நொடிக்குள்ள எத்தினை மடங்கு கேக்கும். அம்ப்புக்கெண்டே செஞ்ச எஸ்எம்பிஎஸ் தாங்கும்.

கல்லடி_பெடியன்:
அண்ணன், எர்த் குடுத்தன், சுர் சுத்தமா இல்ல. இரைச்சல் சார்ஜர் போட்டா இன்னும் இரிக்கி, ஐசொலேட்டர் ஓடர் பண்ணிட்டன். காக்காவுக்கும் நன்றி.