நெட்வொர்க் கார்டு ப்ராசசருக்குக் குடுக்கற கூப்பாடு (இன்டரப்ட்) பூரா ஒரே கோர் தலைல விழுதுங்க, யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில சிஸ்டம் பாக்கறேன். கேமரா ரெக்கார்டிங்குக்கு 8 கோர் லினக்ஸ் பொட்டி ஒன்னு ஓடுது, ஷிப்ட் மாறுற நேரத்துல வீடியோ விட்டு விட்டு வருது, டாப் கமாண்ட் போட்டு, கோர் கோராக் காட்ட 1 அமுக்கிப் பாத்தா கோர் 0 மட்டும் எஸ்ஐ (இன்டரப்டுக்கு அப்புறம் பாக்கெட்ட கவனிக்கற சாஃப்ட் இன்டரப்ட் வேல) 90 சதவீதத்துக்கு மேல, மத்த ஏழும் சும்மா ஒக்காந்திருக்குதுங்க. ப்ராக்ல இன்டரப்ட்ஸ் ஃபைலத் தொறந்தா நெட்வொர்க் கார்டுக்கு ஒத்த வரிதான், எண்ணிக்கை பூரா மொத பத்திலயே, அதாவது கோர் 0லயே ஏறுது.

இன்டரப்டுங்கள கோருங்களுக்குப் பிரிச்சு விடற ஐஆர்க்யூபேலன்ஸ் ப்ரோக்ராம் ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா அது 10 செகண்டுக்கு ஒருக்கா பாத்து எடம் மாத்தும், ஒத்த இன்டரப்ட ரெண்டா பொளந்து குடுக்காதே. அத நிறுத்திப்போட்டு எந்தக் கோர் இன்டரப்ட வாங்கணும்னு சொல்ற எஸ்எம்பி அஃபினிட்டி ஃபைல்ல 4னு (பிட் கணக்குல கோர் 2) எழுதுனேன், தலவலி கோர் 2க்குப் போச்சு, அவ்ளோதான், திரும்ப 1னு (கோர் 0) மாத்திட்டேன். போர்டுலயே இருக்கற கார்டுங்க, பாக்கெட் வாங்கற க்யூ ஒன்னே ஒன்னு, அதான் ஒத்த இன்டரப்ட். புதுசு கேட்டா மொதலாளி "அதான் ஓடுதுல்ல"ம்பாரு.

இப்ப ஆர்பிஎஸ் (ரிசீவ் பாக்கெட் ஸ்டீயரிங்) போட்டு பாக்கெட்ட மத்த கோருக்கு சாஃப்ட்வேர்லயே பங்கு போடலாம்னு இருக்கறேன். எந்தெந்த கோர்னு சொல்ற மாஸ்க்ல எட்டு கோருக்கும் சேத்து எஃப்எஃப் குடுக்கறதா, இல்ல கோர் 0 விட்டுப்போட்டு எஃப்ஈ குடுக்கறதா? ஆர்பிஎஸ் ஐபியெல்லாம் வெச்சுத்தான் கோர் பிரிக்கும், 32 கேமராவுக்கும் வேற வேற ஐபிதான், அதனால நல்லாவே பிரியணும். பண்ணிப் பாத்தவிய சொல்லுங்க, நாளைக்கு ராத்திரி ஷிப்டுக்குள்ள மாத்தோணும்.